சீவலை அளந்த மனிதர்

பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிக் காரைநகருக்குள் போகும்போது, புதிதாகக் கட்டிய வீடுகளின் முன்கதவுகளைப் பார்த்துக்கொண்டே போவது என் வழக்கம். நடுவில் பூரண கும்பம், இரண்டு பக்கமும் அன்னம், மேலே இலக்குமி, ஓரமெல்லாம் கொடி. கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வரும் காசில் எழும்பும் வீடு என்பதைச் சுவருக்கு முன்னம் கதவு சொல்லிவிடும். இடம்பெயர்ந்து போனவர்கள் வருடக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது, கதவும் யன்னலும் தீராந்தியும் இல்லாமல் வெறுஞ்சுவர்கள் நின்ற ஊர் இது. அதனால்தானோ என்னவோ, கதவுக்குக் காசு செலவழிக்க இங்கே ஒருவரும் யோசிப்பதில்லை.

அந்தக் கதவுகளில் அனேகமானவற்றை இப்போது உளி செதுக்குவதில்லை. கணினியில் வரைந்த படத்தைப் பார்த்துத் தானே ஓடி ஓடிக் குடைகிற சி.என்.சி ரவுட்டர் இயந்திரம் செய்கிறது. ஊருக்குள் அப்படியொரு சிறிய பட்டறைக்குப் போயிருந்தேன். பெயர் போடவேண்டாம் என்றார் அதை நடத்தும் இளைஞர். அவருடைய அப்பப்பா ஓடாவி, வள்ளம் கட்டியவர். அப்பா மேசன் வேலைக்குப் போனார். பேரன் மறுபடி மரத்துக்கு வந்திருக்கிறார், ஆனால் இடையில் ஒரு தலைமுறை அறுந்துவிட்டது.

நான் போன நேரம் பட்டறை முழுக்கக் கருகல் மணம். முதிரைப் பலகையொன்றில் கொடி வெட்டிக்கொண்டிருந்தது இயந்திரம். வெட்டிய பள்ளத்தின் ஓரங்கள் கறுத்துப்போயிருந்தன. பிட் முறிந்துவிடும் என்ற பயத்தில் அது நகரும் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார். கருகியதும் இன்னும் குறைத்தார். இன்னும் கருகியது. கொழும்பிலிருந்து எடுப்பித்த பிட் ஒரே நாளில் மழுங்கி, நுனி நிறம் மாறிக் கிடந்தது. சுவரில் இணையத்திலிருந்து அச்சடித்து ஒட்டிய ஒரு வேக அட்டவணை. அதில் ஓக், மேப்பிள், பைன் என்று மரங்களின் பெயர்கள். முதிரை இல்லை, வேம்பு இல்லை, பனை இல்லவே இல்லை.

மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. மரத்தைக் குடையும் பிட்டுக்கு அது பொருந்தாது. அந்த இயந்திரத்தில் 6 மில்லிமீற்றர் பிட் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழன்றது. பிட்டில் இரண்டு வெட்டு விளிம்புகள். ஆகவே நிமிடத்துக்கு 36,000 தடவை விளிம்பு மரத்தைத் தொடுகிறது. பிட் முன்னே நகர்ந்தது நிமிடத்துக்கு 1,500 மில்லிமீற்றர். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பும் எடுக்கும் சீவலின் தடிப்பு 0.04 மில்லிமீற்றர், ஒரு கடதாசியின் தடிப்பில் பாதிகூட இல்லை. அவ்வளவு மெல்லிதாக விளிம்பால் சீவ முடியாது, தேய்க்கத்தான் முடியும். தேய்த்தால் சூடு. தடித்த சீவலாக விழுந்தால் அந்தச் சூட்டில் பெரும் பங்கைச் சீவலே தூக்கிக்கொண்டு வெளியே போய்விடும். தூளாக விழுந்தால் சூடு பிட்டிலும் மரத்திலும் தங்கிவிடும். கருகுவதற்கும் பிட் சாவதற்கும் காரணம் அதுதான்.

எவ்வளவு வேகமாகச் சுழற்றுவது, எவ்வளவு வேகமாக நகர்த்துவது என்ற இந்தக் கேள்வியை, கைப்பழக்கத்தில் விட்டுவிடாமல் முதன்முதலில் பெரிய அளவில் அளந்து பார்த்தவர் ஓர் அமெரிக்கர். பிரெட்ரிக் வின்ஸ்லோ டெய்லர். பெயரைக் கேட்டால் தையற்காரர் போலிருக்கும். ஆள் உருக்கு வெட்டியவர். இறந்து நூறு வருடங்களுக்கு மேலாகிறது. முகாமைத்துவம் படித்தவர்கள் இந்தப் பெயரைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பார்கள். பட்டறையில் நிற்பவர்களுக்குத்தான் இவரைத் தெரியாது. ஆனால் இவர் வாழ்க்கையின் நல்லதும் கெட்டதும் நடந்தது பட்டறையில்தான்.

1856 மார்ச் 20இல் பிலடெல்பியா நகரின் ஜேர்மன்டவுன் பகுதியில், வசதியான குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தகப்பன் சட்டம் படித்தவர். உழைத்துச் சாப்பிடவேண்டிய தேவை இல்லாதவர். தாய் அடிமை முறைக்கு எதிராக வேலை செய்தவர். பிள்ளைக்கு முதலில் பாடம் சொல்லிக்கொடுத்ததும் தாய்தான். பதின்ம வயதில் குடும்பத்தோடு ஐரோப்பா போய், பிரான்சிலும் ஜேர்மனியிலும் படித்தார்.

சிறு வயதிலேயே அளவுப் பைத்தியம். விளையாட்டுத் திடலின் கோடுகள் அடிக்கணக்கிலும் அங்குலக்கணக்கிலும் சரியாக இருக்கவேண்டும் என்று அடம்பிடித்து, மற்றப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தில் பாதியைத் தின்றுவிடுவாராம். இரவில் கெட்ட கனவுகள் வரும். மல்லாந்து படுக்கும்போதுதான் அவை வருகின்றன என்று கண்டுபிடித்து, மல்லாந்து திரும்பினால் முதுகில் குத்தி எழுப்பும்படி மரக்குச்சிகள் வைத்த ஒரு வாரைத் தானே செய்து கட்டிக்கொண்டு படுத்தார். நித்திரைக்கும் இயந்திரம் செய்த இந்த மனிதர் கடைசிவரை நிம்மதியாக நித்திரை கொண்டதாகத் தெரியவில்லை.

தகப்பனைப்போலச் சட்டம் படிக்கவேண்டும் என்பது வீட்டுத் திட்டம். 1872இல் எக்செற்றர் என்ற புகழ்பெற்ற பாடசாலையில் சேர்ந்தார். ஹாவர்ட் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையிலும் சிறப்பாகத் தேறினார். ஆனால் இரவிரவாகப் படித்ததில் கண் கெட்டுவிட்டது, தலையிடி விடவில்லை. ஹாவர்டுக்குப் போகவில்லை. 1874இல், 18 வயதில், பிலடெல்பியாவில் பம்பிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தொழில் பழகப் போனார். கண் பிறகு தேறிவிட்டது. அவர் திரும்பிப் பல்கலைக்கழகப் பக்கம் போகவில்லை.

அவர் அங்கே முதலில் பழகியது மரவேலை. இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் டெய்லரைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு வரியில் தாண்டிப்போகும் இடம் இது.

இரும்பு வார்ப்பதற்கு முதல், அந்தப் பாகத்தின் வடிவத்தை மரத்தில் செய்யவேண்டும். அந்த மர மாதிரியை ஈர மண்ணில் புதைத்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில்தான் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு ஏறக்குறைய எட்டிலொரு அங்குலம். ஆகவே மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செதுக்கவேண்டும். மண்ணிலிருந்து உடையாமல் கழன்று வர, பக்கங்களில் சிறு சாய்வு விடவேண்டும். மரம் ஈரம் குடித்து ஊதினால் எல்லாம் பிழைத்துவிடும். அதனால் எந்த மரம், எந்தப் பக்கத்து நார், எங்கே ஒட்டு என்று எல்லாம் பார்க்கவேண்டும். தச்சு வேலையிலேயே இது உச்சமான வேலை. முதல் வருடம் அவருக்குச் சம்பளமே இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை, விடியற்காலையில் எழும்பிப் பட்டறைக்குப் போய், கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளிகளிடம் பேச்சு வாங்கிப் பழகினார். கடைசிவரை அவர் மதித்த வகை மனிதர்களும், அவர் சண்டை போட்ட வகை மனிதர்களும் இவர்கள்தான்.

1878இல் மிட்வேல் உருக்காலையில் சாதாரண கூலியாளாகச் சேர்ந்தார். நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்த காலம். தொழில் பழகியவருக்கும் கூலிவேலைதான் கிடைத்தது. கணக்குப் பிள்ளையாகி, கடைசல் இயந்திரம் ஓட்டுபவராகி, குழுத் தலைவராகி, பட்டறை மேற்பார்வையாளராகி, ஆறு வருடங்களுக்குள் பிரதான பொறியியலாளர் ஆகிவிட்டார். இடையில் 1883இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டமும் எடுத்தார். பெரும்பாலும் வேலை செய்துகொண்டே வீட்டிலிருந்து படித்த படிப்பு. 1881இல் அமெரிக்காவின் முதலாவது தேசிய டெனிஸ் போட்டியில் இரட்டையர் பட்டமும் வென்றார். இவருக்கு ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் இருந்தது என்று யோசிக்கத் தோன்றும்.

குழுத் தலைவரானதும் சண்டை தொடங்கியது. மிட்வேலில் செய்து முடிக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் கூலி. கூடச் செய்தால் கூடக் காசு. ஆனால் கூடச் செய்தால் முதலாளி ஒரு பாகத்துக்கான கூலியைக் குறைத்துவிடுவார் என்பது தொழிலாளிகளுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் தங்களுக்குள் ஓர் அளவு வைத்து, செய்யக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வேலை செய்தார்கள். டெய்லரும் நேற்றுவரை அந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்தான். தலைவரானதும் அதை உடைக்கப் புறப்பட்டார். கூலியைக் குறைத்தார், ஆட்களை நிறுத்தினார், புதியவர்களைப் பழக்கினார். இயந்திரங்கள் திடீர் திடீரென்று முறிந்தன. முறித்தவர்களுக்குத் தண்டம் போட்டார். இருட்டில் தண்டவாளப் பாதையால் தனியாக வீட்டுக்கு நடந்து போகாதே, சுட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அவர் தொடர்ந்து தனியாகவே நடந்தார். ஏறக்குறைய மூன்று வருடம் நீடித்த இந்தச் சண்டையில் அவர் வென்றார். ஆனால் ஒரு நாள் முழுக்க எந்த முகத்திலும் பகையைத் தவிர வேறெதையும் பார்க்காத அந்த வாழ்க்கை அருவருப்பானது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்தச் சண்டையில் அவருக்கு ஒன்று விளங்கியது. ஒரு பாகத்தைக் கடைய எவ்வளவு நேரம் எடுக்கவேண்டும் என்பது அவருக்கே தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. எந்த வேகத்தில் சுழற்றுவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது, உளியின் நுனி எப்படி இருக்கவேண்டும் என்ற அறிவு முழுவதும் தொழிலாளிகளின் கையில் இருந்தது. ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது.

1880இல் ஆலையின் தலைவர் வில்லியம் செலர்ஸிடம் அனுமதி கேட்டார். உலோகம் வெட்டும் வேகத்தைப் பரிசோதிக்கவேண்டும், ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்றார். செலர்ஸுக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை, ஆனாலும் விட்டார். அந்த ஆறு மாதம் 26 வருடமாகியது.

எழுதிவைத்த பரிசோதனைகள் மட்டும் 30,000 தொடக்கம் 50,000 வரை. சீவலாக வெட்டித் தள்ளிய உருக்கும் இரும்பும் 800,000 இறாத்தலுக்கு மேல், அதாவது 360 தொன்னுக்கும் கூட. செலவு ஒன்றரை இலட்சம் தொடக்கம் இரண்டு இலட்சம் டொலர். அந்தக் காலத்து டொலர். பத்துத் தொழிற்சாலைகளில் தொடர்ந்த வேலை என்று சொல்கிறார்கள். செலவழித்த முதலாளிகளுக்குக் கைமாறாக முடிவுகள் கிடைத்தன. வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. அவ்வளவு பேர் அவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தார்கள்.

பரிசோதனை என்றால் என்ன செய்தார்? ஒரே மாதிரியான உருக்கு, ஒரே மாதிரியாகத் தீட்டிய உளி, ஒரே ஆழம், ஒரே நகர்வு. வேகத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பார். 20 நிமிட முடிவில் உளி சரியாகச் சாகும் வேகம் எது என்று தேடுவார். அது கிடைத்ததும் ஆழத்தை மாற்றுவார். பிறகு நகர்வை. பிறகு உளி நுனியின் வளைவை. வெட்டும் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணங்கள் 12 என்று கணக்கெடுத்தார். வெட்டப்படும் உலோகத்தின் வன்மை, உளி செய்த உருக்கு, சீவலின் தடிப்பு, நுனியின் வடிவம், தண்ணீர் ஊற்றுவதா இல்லையா, வெட்டின் ஆழம், மறுபடி தீட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் ஓடவேண்டும், உளியின் சாய்வுக் கோணங்கள், இயந்திரமும் வேலைப்பாகமும் அதிர்கிற அதிர்வு, பாகத்தின் விட்டம், சீவல் உளியில் கொடுக்கும் அழுத்தம், இயந்திரத்தின் இழுவைப் பலம். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். இருபத்தாறு வருடம் ஏன் போனது என்று இப்போது விளங்கும்.

கண்டுபிடித்தவற்றில் சில, இன்று கேட்கச் சின்ன விசயம் போலிருக்கும். கூர்நுனி உளியை விட வட்டநுனி உளி வேகம் தாங்கும். சீவல் பிரியும் இடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் வெட்டும் வேகத்தை 40 சதவீதம் கூட்டலாம். அதைக் கண்டதும் மிட்வேலில் 1884இல் கட்டிய புதிய பட்டறையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சோடா கரைத்த தண்ணீர் வந்து போகக் குழாயும் வடிகாலும் வைத்தே கட்டினார்கள். சோடா, இரும்பு கறள் பிடிக்காமல் இருப்பதற்கு. வேகமாகச் சுழற்றி மெல்லிய சீவல் எடுப்பதை விட, வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத் தடித்த சீவல் எடுத்தால் ஒரு நாளில் கூட வேலை நடக்கும். காரைநகர்ப் பட்டறையில் கருகிய முதிரைப் பலகைக்கான மருந்து இந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

இன்னொன்று, இன்றும் அவர் பெயரால் வழங்கும் சமன்பாடு. வேகத்துக்கும் உளியின் ஆயுளுக்கும் உள்ள உறவு. அவருடைய கணக்கின்படி வேகத்தை 9 சதவீதம் கூட்டினால் உளியின் ஆயுள் பாதியாகிவிடும். 20 சதவீதம் கூட்டினால் காற்பங்குகூட மிஞ்சாது. அவசரப்பட்டு வேகத்தைத் திருகுபவர் பிட்டுக்குக் கட்டும் காசு இப்படித்தான் ஏறுகிறது. இன்று விற்கும் கார்பைட் பிட்டுகளுக்கு எண்கள் வேறு. உறவு அதேதான்.

1898இல் பெத்லகேம் உருக்காலைக்குப் போனார். அங்கே மோன்சல் வைற் என்பவரோடு சேர்ந்து செய்தது அவருடைய பெரும் கண்டுபிடிப்பு. உளி செய்யும் உருக்கை ஓரளவு சிவப்புக்கு மேல் சூடாக்கினால் கெட்டுவிடும் என்பது உலகத்துக் கொல்லர் எல்லோருடைய நம்பிக்கை. அது உண்மையும்கூட, ஓர் எல்லை வரைக்கும். டங்ஸ்டன் கலந்த உருக்கை அந்த எல்லைக்கும் அப்பால், உருகும் நிலைக்குக் கிட்டக் கொண்டுபோனால், கெட்டது திரும்பி முன்னைவிடப் பல மடங்கு வன்மையாகிறது என்று இவர்கள் கண்டார்கள். கொல்லர்கள் பயந்து நின்ற கோட்டை இவர்கள் தாண்டிப் பார்த்ததால் வந்த பலன். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அந்த உளியை ஓட்டிக் காட்டினார்கள். உளியின் மூக்கு சிவந்து எரிய எரிய, நீலச் சீவல் பறந்தது. ஐரோப்பியப் பொறியியலாளர்கள் வாய் பார்த்து நின்றார்கள். காப்புரிமை மட்டும் நிலைக்கவில்லை. 1909இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

12 காரணங்களை வைத்துக் கணக்குப் போட்டு வேகம் சொல்ல ஒரு கணித வல்லுநருக்கே மணித்தியாலங்கள் வேண்டும். இயந்திரத்தடியில் நிற்பவர் என்ன செய்வார்? அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கார்ல் பார்த். நோர்வேயில் பிறந்து 1881இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் சட்டங்களில் எண்களைக் குறித்து, இழுத்து வைத்தால் அரை நிமிடத்துக்குள் விடை சொல்லும் கணிப்புக்கோலைச் செய்தார். எங்கள் சி.என்.சி இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருளுக்கு அதுதான் பாட்டன். நோர்வேக்காரர் காரைநகருக்குப் புதியவர்கள் இல்லை. போருக்கு முன் சீநோர் படகுத் தளத்தில் கண்ணாடியிழைப் படகு கட்டப் பழகிய கைகள் இன்னும் சில இங்கே இருக்கின்றன. பார்த்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எழுதும்போது நினைவு வந்தது.

1906 டிசம்பரில், அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, 26 வருட வேலையை ஒரே உரையாக வெளியிட்டார். உலோகம் வெட்டும் கலை பற்றியது. அச்சில் ஒரு தடித்த புத்தகம். பூட்டி வைத்த இரகசியம் முழுவதும் அதில் வெளியே வந்தது.

அவர் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். 1884இல் லூயிஸ் ஸ்பூனரைத் திருமணம் செய்தார். பிள்ளைகள் இல்லை. 1901இல் ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் ஒரு வைத்தியர் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். நான்கு பிள்ளைகள் அநாதையானார்கள். இளையவர்கள் மூவரையும் டெய்லரும் மனைவியும் தத்தெடுத்து வளர்த்தார்கள். அவர்கள் டெய்லர் என்ற பெயரோடு வளர்ந்தார்கள். மூத்தவன், 11 வயதுப் பையன், வேறு உறவினரிடம் போனான். கொன்ராட் எய்க்கின் என்ற தன் பழைய பெயரோடேயே வளர்ந்து பெரிய கவிஞனானான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு வேறு பெயரில் வேறு வேறு வீட்டில் வளர்வது என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தொழிலாளிகளிடம் இரும்பாக நின்ற மனிதர் அந்த மூன்று பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார் என்பதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

அதே 1901இல் பெத்லகேமிலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். மேலதிகாரிகளோடும் ஒத்துப்போகத் தெரியாதவர். போகுமுன் அங்கே செய்த இன்னொரு வேலைதான் அவரை உலகப் புகழுக்கும் உலகப் பழிக்கும் கொண்டுபோனது. உளியை அளந்தது போல மனிதரை அளக்கத் தொடங்கியிருந்தார். இரும்புக் கட்டி சுமக்கும் ஒரு தொழிலாளி நாளுக்கு 12½ தொன் ஏற்றியதை, நிறுத்தற் கடிகாரம் வைத்து, எப்போது தூக்கு, எப்போது இரு என்று சொல்லிச் சொல்லி, 47½ தொன் ஆக்கியதாக எழுதினார். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலர் ஆனது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. அந்தக் கதையில் டெய்லர் நிறையச் சோடித்திருக்கிறார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஏற்றவர் மாட்டைப்போன்ற மூளை உள்ளவர் என்ற பொருளில் எழுதியதும் அவர்தான். மரவேலைப் பட்டறையில் நான்கு வருடம் கூலியாட்களோடு நின்று பழகியவர் அதை எழுதினார் என்பதை என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

1911இல் அவருடைய முகாமைத்துவப் புத்தகம் வந்தது. அதே வருடம் ஓகஸ்டில், மாசச்சூசெற்ஸில் உள்ள வோட்டர்டவுன் அரச ஆயுதத் தொழிற்சாலையில், வார்ப்புத் தொழிலாளி ஒருவரின் தலைமாட்டில் கடிகாரத்தோடு ஒருவர் வந்து நின்றார். வார்ப்பாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். விசயம் நாடாளுமன்றம்வரை போனது. 1912 சனவரியில் விசாரணைக் குழுவின் முன் டெய்லர் நாட்கணக்கில் சாட்சி சொன்னார். அரச தொழிற்சாலைகளில் நிறுத்தற் கடிகாரத்தைப் பயன்படுத்த 1915இல் தடை வந்தது. தொழிற்சங்கங்களின் வாதம் எளியது. தொழிலாளியின் கையிலிருந்த அறிவை எடுத்துக் கடதாசியில் எழுதி அலுவலகத்தில் பூட்டிவிட்டால், அவன் கையில் பிறகு என்ன இருக்கும்? கூலி பேச எதை வைத்துப் பேசுவான்? ரஷ்யாவின் லெனின்கூட முதலில் டெய்லரைக் கடுமையாகத் திட்டினார். புரட்சிக்குப் பிறகு, 1918இல், அதே முறையைப் படித்துப் பயன்படுத்தச் சொன்னார்.

அந்தக் கடிகாரம் எங்களிடமும் வந்திருக்கிறது. போர் முடிந்த பிறகு வன்னியில் திறந்த ஆடைத் தொழிற்சாலைகளில் எங்கள் பிள்ளைகள் தையல் இயந்திரத்தின் முன் இருக்கிறார்கள். ஒரு கழுத்துப்பட்டிக்கு இத்தனை செக்கன், ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் வேர் மிட்வேல் பட்டறையில்.

அதனால் டெய்லரைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் தூக்கி எறியவும் முடியவில்லை. காரணம் எங்கள் ஊர்தான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, பெயர் மாறி 1938இல் மாசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகம்வரை பாய் விரித்து ஓடியது. அப்படிக் கட்டிய கைகள் எந்த மரத்துக்கு உளியை எந்தச் சாய்வில் பிடித்தன, எப்போது தீட்டின என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் அது எவ்வளவு பெரிய சொத்து! தகப்பன் மகனுக்குக் கைபிடித்துக் காட்டிய அறிவு அது. தகப்பனும் மகனும் ஒரே ஊரில் இருக்கும்வரை அது போதும். குண்டு விழுந்து ஒருவர் வன்னிக்கும் ஒருவர் கடல் தாண்டியும் போனால், கையோடு அதுவும் போய்விடும். டெய்லர் எழுதியது முதலாளிக்காக. எழுதியதால் மிஞ்சியது என்பதும் உண்மை.

1915 மார்ச்சில், சொற்பொழிவுப் பயணமொன்றிலிருந்து திரும்பிய டெய்லருக்கு நியூமோனியா. பிலடெல்பியாவில் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். மார்ச் 20 அவருடைய 59ஆவது பிறந்தநாள். மறுநாள் அதிகாலை அவர் தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கேட்டதாம்; வழக்கமாகச் சாவி கொடுக்கும் நேரம் அது இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாதி உள்ளே போனபோது இறந்து கிடந்தார்.

காரைநகர்ப் பட்டறையில் அன்று பின்னேரம் எண்களை மாற்றிப் பார்த்தோம். சுழல் வேகத்தை 12,000 சுற்றுக்கு இறக்கி, நகரும் வேகத்தை 3,600 மில்லிமீற்றருக்கு ஏற்றினோம். சீவல் 0.15 மில்லிமீற்றர். ஒரே தடவையில் குடையும் ஆழத்தை 3 மில்லிமீற்றராகக் குறைத்தோம், பிட்டின் தடிப்பில் பாதி. பிட் முறிந்துவிடும் என்று இளைஞர் நிறுத்தும் பொத்தானில் கை வைத்தபடியே நின்றார். கிரீச்சென்ற சத்தம் போய், உளி ஓடும்போது வருமே, அந்தக் கரகரப்பு வந்தது. தூளுக்குப் பதிலாகச் சீவல் பறந்தது. முடிந்து இயந்திரம் நின்றதும் பிட்டைத் தொட்டுப் பார்த்தார். கை வைக்கக்கூடிய சூடுதான்.

பிறகு பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மரம். வேம்புக்கும் மகோகனிக்கும் எண்கள் நிறைந்திருந்தன. முதிரைப் பக்கத்தில் அன்றைய எண்களை எழுதினார். பனைப் பக்கத்தில் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் வெட்டியிருந்தார். வெளிவைரத்தில் கறுப்பு நார் இரும்புபோல நிற்கும், இரண்டு அங்குலம் உள்ளே போனால் சோறுபோல நொய்ந்துவிடும். ஒரு வேகம் இரண்டுக்கும் சரிவராது என்றார். அப்பப்பா பனையை எப்படி இழைத்தார் என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாராம். அப்பாவுக்குத் தெரியவில்லை. கொழும்பிலிருந்து புதுப் பிட் வந்ததும் நான்காம் தரம் முயன்று பார்க்கப்போகிறார்.